குதிரைப் பேச்சு கண்ணாடிக்குள் போன கதை

அந்தக் காலத்தில், மிருகமும் பறவையும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, வடகடலில் பாரைத்தீவு என்று ஒரு தீவு இருந்தது. அதன் கிழக்குப் பாதியில் பனையும் வீடுகளும். மேற்குப் பாதியில் ஒரு பெரிய புல்வெளி. அந்த வெளியில் பத்தொன்பது குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிந்தன. எந்தக் கப்பலில் வந்தன, யார் இறக்கிவிட்டுப் போனார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். குதிரைகளைக் கேட்டால் பத்தொன்பது கதை சொல்லும்.

பேச்சென்றால் அப்படிப் பேச்சு. காகம்கூட இரை விழுங்கும்போது வாயை மூடும். பாரைத்தீவுக் குதிரைகள் புல்லை மென்றுகொண்டே பேசும், ஓடிக்கொண்டே பேசும், தூக்கத்திலும் பாதி வசனம் சொல்லும். மற்ற மிருகங்கள் ஏன் பேச்சை விட்டன என்பதற்கு வேறு வேறு கதைகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது குதிரைக் கதை மட்டும்தான்.

மேற்கு வெளியில் ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. மற்றக் கிணறுகள் எல்லாம் உப்பு. அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் மதலேனா என்ற பெண் தனியாகக் குடியிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மீன் காயப்போட்டு விற்பது அவள் தொழில். காலையில் அவள் முகம் கழுவுவதற்கு முன்பே குதிரைகள் வேலிப் படலையடியில் வந்து நின்றுவிடும்.

"மதலேனாக்கா! தண்ணி!"

"விடியேல்லை இன்னும். கத்தாதையுங்கோ."

"உங்களுக்கு விடியேல்லை. எங்களுக்கு விடிஞ்சு எவ்வளவு நேரம்!"

இப்படிச் சொல்வது கறுவல் என்ற ஆண்குதிரை. வாய்க்காரன். மதலேனா முணுமுணுத்துக்கொண்டே துலா என்கிற கிணற்று ஏற்றத்தைப் பிடித்து நாற்பது வாளி இறைத்துக் கல்தொட்டியில் ஊற்றுவாள். அவர்களுக்குள் அது தினப்படி நடக்கிற சண்டை. ஒருநாள் சண்டை இல்லாவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் சாப்பாடு இறங்காது.

அந்த வருடம் சித்திரையில் வெள்ளைக்காலி என்ற குதிரை ஒரு குட்டி போட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர். கால் பலமில்லாத குட்டி. தொட்டிக்கு நூறு அடி நடப்பதற்குள் இரண்டு தரம் படுத்துவிடும். மழையும் பொய்த்த வருடம். "இந்தத் தொட்டி இல்லையெண்டா என்ர குஞ்சு இல்லை அக்கா" என்று வெள்ளைக்காலி சொல்லும். மற்றக் குதிரைகளைவிட அது கொஞ்சம் குறைவாகப் பேசும் குதிரை. அதனால் அது சொல்வதை மதலேனா கவனித்துக் கேட்பாள்.

வைகாசியில் ஒரு செய்தி வந்தது. அக்கரையில் இருந்த ஒரு பணக்காரர், மேற்கு வெளியை வேலியடைத்து உப்பளம் போடப் போகிறாராம். கிணற்றையும் சேர்த்துத்தான் வேலி. அங்கே ஒரு உயிரும் இல்லை, வெறும் தரிசு என்று கச்சேரியில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்கக் காரியாலயம்.

மதலேனா அன்றைக்கே வள்ளம் ஏறி அக்கரைக்குப் போனாள். கச்சேரியில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் கண்ணால் காணாமல் நம்பமாட்டார்.

"ஒருவர் பூச்சிகூட இல்லை என்கிறார். நீ பத்தொன்பது குதிரை என்கிறாய். நான் யாரை நம்புவது?"

"வந்து பாருங்கோ ஐயா. ஒரு மணித்தியாலப் பயணந்தான்."

அதிகாரியின் முகம் வெளிறியது. "எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி."

"அப்ப காகத்தைக் கேளுங்கோ. அது நெடுகப் பறந்து வாறதுதானே."

"காகத்தையா? போன கிழமை காகம் வந்து, துறைமுகத்தில் முந்நூறு யானை இறங்கியிருக்கிறது என்றது. போய்ப் பார்த்தால் மூன்று மாடு."

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ஆனி மாதம் முடிவதற்குள் அந்தக் குதிரைகளை அவர் கண்ணுக்குக் காட்டிவிட வேண்டும். காட்டினால் வெளி குதிரைகளுக்கு. இல்லாவிட்டால் ஆடி முதலாம் திகதி வேலி.

கடல் தாண்டிக் குதிரையைக் கொண்டுவருவது எப்படி? வள்ளத்தில் நாலு ஆள் ஏறினாலே தண்ணீர் விளிம்பைத் தொடும். மதலேனா யோசித்துக்கொண்டே அக்கரையிலேயே இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே அவளுடைய அத்தான் எஸ்தாக்கி ஒரு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். எஸ்தாக்கி படம்பிடிக்கிறவர். கலியாண வீடுகளில் பொம்பிளை மாப்பிள்ளையை நிறுத்திப் படம் எடுப்பார். படப்பெட்டி பழையது, இரண்டு கை மாறி அவரிடம் வந்தது. மூடியைத் திறந்தால், மாதாவை வேண்டும் அருள்நிறைந்த மந்திரத்தை மூன்று தரம் சொல்லி முடியும் வரை எதிரே இருப்பது அசையக் கூடாது. அசைந்தால் படத்தில் விழாது. அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் கோபமாக இருப்பதற்கு அதுதான் காரணம். மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரால் சிரிக்க முடியும்?

"அத்தான், என்ர குதிரையளைப் பிடிச்சுத் தருவியளோ?"

"கயிறு வேணுமே, பிள்ளை?"

"படமாப் பிடிக்கச் சொல்லுறன்."

எஸ்தாக்கி தலையை வெளியே எடுத்தார். பெரிய வீட்டுக் கலியாணத்துக்கெல்லாம் யோசித்து யோசித்துப் போகிற மனிதர், இதற்கு உடனே பெட்டியைக் கட்டிவிட்டார். குதிரையை இதுவரை அவர் படமெடுத்ததில்லை.

முதல் தடவை நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. எஸ்தாக்கி கிணற்றடியில் முக்காலியை ஊன்றினார். குதிரைகள் சுற்றி வந்து மொய்த்தன.

"இதென்ன, மூண்டு காலிலை நிக்குது?"

"இந்தப் பக்கம் வெயில் காணாது. அங்கால வையுங்கோ."

"என்ர பிடரி வடிவா இருக்குதோ, ஒருக்காச் சொல்லுங்கோ."

"எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அசையாமல் நில்லுங்கோ!" என்று எஸ்தாக்கி கெஞ்சினார்.

"நாங்கள் எப்பவோ வாயை மூடியாச்சு" என்றது கறுவல். "உவள்தான் கதைக்கிறாள்."

"ஆர், நானோ? கேட்டியளே அக்கா அநியாயத்தை!"

மூன்று மந்திரமும் சொல்லி முடிந்தது. அதற்குள் குதிரைகள் முப்பது விஷயம் பேசி முடித்திருந்தன. எஸ்தாக்கி அக்கரைக்குப் போய், படம் பதியும் கண்ணாடித் தட்டைக் கழுவினார். படம் தெளிவாக விழுந்திருந்தது. கிணறு இருந்தது, துலா இருந்தது, கல்தொட்டி இருந்தது. தொட்டியின் ஓரத்தில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு, இறகு இறகாக எண்ணிப் பார்க்கலாம் போல நின்றது. குதிரைகள் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் புகை மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொக்கு நன்றாக வந்திருக்கிறது. குதிரை எங்கே?"

மதலேனா படத்தை எட்டிப் பார்த்தாள். அந்தப் புகைதான் வெள்ளைக்காலி, அதற்குக் கீழே இருப்பது சுட்டி என்று எப்படிச் சொல்வது? ஆனி முடிய நாலு நாள் இருந்தது.

"இன்னொருக்கா" என்றார் எஸ்தாக்கி. அவருக்கும் ரோசம் வந்துவிட்டது.

சோழகக் காற்று பலமாக அடித்த நாள் அது. வள்ளம் ஏறி விழுந்து ஏறி விழுந்து போனது. எஸ்தாக்கி கொண்டுவந்த ஆறு கண்ணாடித் தட்டில் ஐந்து நொறுங்கிவிட்டது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் குதிரைகளுக்கு எல்லாவற்றையும் சொன்னார். ஒரு தட்டுத்தான் இருக்கிறது, இது தவறினால் வெளி போய்விடும், கிணறு போய்விடும்.

குதிரைகள் கொக்கைப் பார்த்தன. அது அன்றும் தொட்டியின் ஓரத்தில்தான் நின்றது.

"எப்பிடி நீ மட்டும் படத்திலை விழுந்தனி?" என்று கறுவல் கேட்டது.

"சும்மா நிண்டால் நிக்கேலாது" என்றது கொக்கு. கண்ணைக்கூட அசைக்காமல்தான் சொன்னது. "ஏதாவது ஒண்டை வேணும் வேணும் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்க வேணும். நான் மீனை நினைப்பன். உங்களுக்கு என்ன வேணும்?"

தொட்டிக்குப் பக்கத்தில் சுட்டி படுத்திருந்தது. எல்லாக் குதிரைகளின் கண்ணும் அங்கே போனது.

அப்போது வெள்ளைக்காலி எஸ்தாக்கியிடம் நேராகக் கேட்டது. "ஐயா, உந்தப் பெட்டி ஆயுளை எடுக்குமெண்டு சனம் சொல்லுது. உண்மையோ?"

எஸ்தாக்கி பொய் சொல்லியிருக்கலாம். வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர் மதலேனாவைப் பார்த்தார், பிறகு குட்டியைப் பார்த்தார், உண்மையைச் சொன்னார்.

"ஆயுளை எடுக்காது. ஆனா அடக்கி வைச்சதை எடுக்கும். ஒரு கலியாண வீட்டிலை பொம்பிளை சிரிப்பை அடக்கிக்கொண்டு நிண்டவள். படம் நல்லா வந்தது. பிறகு ஒரு மாசம் அவளுக்குச் சிரிப்பு வரேல்லை. நீங்கள் அடக்கப்போறது கதையை, உங்கட பேச்சை. இவ்வளவு கதையை ஒரேயடியா அடக்கினால் அது திரும்பி வருமோ வராதோ, எனக்குத் தெரியாது."

பாரைத்தீவு மேற்கு வெளியில் முதன்முதலாக அன்றைக்குத்தான் சத்தமில்லாமல் இருந்தது. காற்று மட்டும் கேட்டது.

"கதையில்லாமல் குதிரை என்ன குதிரை?" என்றது கறுவல். பாவம், அதற்குப் பேச்சுத்தான் உயிர்.

"தண்ணியில்லாட்டிக் கதைக்க நாக்கிருக்குமோ அண்ணை?" என்றது வெள்ளைக்காலி. "ஆரையும் நான் வற்புறுத்தேல்லை. நான் நிக்கிறன். என்ர பிள்ளையும் நிக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு குதிரையாக வந்து அதன் பக்கத்தில் நின்றன. கறுவல் கடைசியாக வந்தது. வந்து நின்றுகொண்டு, "ஐயா, எப்பன் நேரம் பொறுங்கோ. சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டு நிக்கிறம்" என்றது.

எஸ்தாக்கி பொறுத்தார். வெயில் சாய்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டே பொறுத்தார். குதிரைகள் பேசின. ஒன்றிடமொன்று மன்னிப்புக் கேட்டன, பழைய பகிடிகளைத் திரும்பச் சொல்லிச் சிரித்தன. கறுவல் மதலேனாவிடம் போய், "காலமை காலமை உங்களை எழுப்பினது தண்ணிக்கு மட்டுமில்லை அக்கா, உங்களோடை கொழுவிச் சண்டை பிடிக்கிறதுக்கும்தான்" என்றது. மதலேனா அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளைக்காலி குட்டிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தது. இது கடல், இது கிணறு, இது மதலேனாக்கா. பிறகு மதலேனாவிடம் கேட்டது.

"நாளைக்குத் தண்ணி கேக்க எங்களுக்கு வாயில்லாமல் போனால்?"

"நீங்கள் கேக்கவே வேண்டாம். கேளாமலே இறைப்பன்."

"நீங்கள் இருக்கிற வரைக்கும் சரி அக்கா. உங்களுக்குப் பிறகு?"

மதலேனா சுட்டியைத் தூக்கி நிறுத்திக்கொண்டே, "முதல்ல படத்தைப் பிடிப்பம்" என்று மட்டும் சொன்னாள்.

எஸ்தாக்கி மூடியைத் திறந்தார். முதல் மந்திரம். பத்தொன்பது குதிரையும் சுட்டியும் கிணற்றடியில் அசையாமல் நின்றன. கறுவலின் தொண்டையில் ஒரு சொல் மேலும் கீழும் ஏறி இறங்கப் பார்த்தது. அது பல்லைக் கடித்து அதை நிறுத்தியது. இரண்டாம் மந்திரம். சுட்டியின் முன்கால் தளரப் பார்த்தது. "விழாதை" என்று ஒரு சொல் சொன்னால் போதும், வெள்ளைக்காலியின் நாக்கு நுனியில் அது வந்துவிட்டது. அந்தத் தாய் அதைச் சொல்லவில்லை. குட்டியைப் பார்த்தபடி நின்றது. குட்டியும் தாயைப் பார்த்தபடி நின்றது. மூன்றாம் மந்திரத்தை எஸ்தாக்கி வேகமாகச் சொல்ல நினைத்தார். வேகமாகச் சொன்னால் படம் கெட்டுவிடும். ஒவ்வொரு சொல்லாக, வழக்கமான வேகத்தில் சொல்லி முடித்து மூடியைப் போட்டார்.

"முடிஞ்சுது!"

எல்லாக் குதிரைகளும் ஒரேயடியாக வாயைத் திறந்தன. கனைப்புத்தான் வந்தது. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தன. கனைப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை. வெள்ளைக்காலி மதலேனாவுக்கு முன்னால் வந்து நின்று உதட்டை அசைத்தது. என்ன கேட்கிறது என்று மதலேனாவுக்குத் தெரியும். கண்ணீரைத் துடைக்கக்கூட நிற்காமல் அவள் துலாவைப் பிடித்தாள். அன்றைக்கு நாற்பது வாளியல்ல, எண்பது வாளி இறைத்தாள்.

ஆனி கடைசி நாள் எஸ்தாக்கி படத்தை அதிகாரியின் மேசையில் வைத்தார். மதலேனாவும் கூட இருந்தாள். அதிகாரி பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பத்தொன்பது குதிரையும் ஒரு குட்டியும், கண்ணிமை மயிர் தெரிகிற அளவுக்கு. கொக்கும் ஒரு மூலையில் இருந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை.

"எல்லாம் ஏதோ சொல்ல வந்த மாதிரி நிற்கின்றனவே?" என்றார் அதிகாரி.

"சொல்ல வந்தது முழுக்க அதுக்குள்ளைதான் இருக்குது ஐயா" என்றார் எஸ்தாக்கி. நடந்ததைச் சொன்னார்.

அதிகாரி வேலிக்கான கடுதாசியை எடுத்து நாலாகக் கிழித்தார். வெளியும் கிணறும் குதிரைகளுக்கு என்று புதிதாக ஒன்று எழுதினார். எழுதி முடித்துவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"எங்க ஐயா வெளிக்கிட்டியள்?" என்று மதலேனா கேட்டாள்.

"வள்ளத்துக்கு."

மூன்று தரம் வாந்தி எடுத்தார். கரையில் இறங்கும்போது அவரைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஆனாலும் தள்ளாடித் தள்ளாடி மேற்கு வெளிக்கு நடந்தார். எஸ்தாக்கி பெட்டியோடு பின்னால் வந்தார். அக்கரையில் புதுத் தட்டு வாங்கியிருந்தார். தூரத்தில் குதிரைகள் தெரிந்தன. அதிகாரி அவற்றைப் பார்த்த ஆவலில் நேரே அங்கே போகப் புறப்பட்டார்.

மதலேனா குறுக்கே வந்து வாளியை அவர் கையில் கொடுத்தாள். வெள்ளைக்காலி கேட்ட கேள்விக்கு அந்த நிமிடத்தில்தான் அவளுக்குப் பதில் கிடைத்தது.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. பாக்க வந்தால் முதல்ல ஒரு வாளி தண்ணி. இவையளுக்கு இனிக் கேக்க வாயில்லை. பாக்க வாற ஆக்கள்தான் கேளாமல் குடுக்க வேணும். அத்தான், உங்களுக்கும்தான்."

அதிகாரிக்குத் துலாப் பிடித்துப் பழக்கமில்லை. முதல் வாளியில் பாதி அவர் சப்பாத்துக் காலில் கொட்டியது. மறுபடியும் இறைத்தார். எஸ்தாக்கியும் இறைத்தார். தண்ணீர் கல்தொட்டியில் விழுந்த சத்தத்துக்குப் பத்தொன்பது குதிரையின் காதும் ஒன்றாகத் திரும்பியது. எல்லாம் ஓடி வந்தன. சுட்டி வழியில் ஒரு தரம்தான் படுத்தது. குடித்து முடித்ததும் அவை போய்விடவில்லை. தலையை நிமிர்த்தி, வந்தவர்களை நேராகப் பார்த்து, மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லும் நேரம் அசையாமல் நின்றன. யாரும் அவற்றைக் கேட்கவில்லை. கொடுத்ததற்குக் கொடுக்க அவற்றிடம் இருந்தது அந்த நிற்றல்தான்.

சுட்டி பெரிய குதிரையாக வளர்ந்தது. அதற்கும் குட்டிகள், குட்டிகளுக்கும் குட்டிகள். மதலேனா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். முக்காலிப் பெட்டி போய் இப்போது எல்லோருடைய சட்டைப் பையிலும் படப்பெட்டி இருக்கிறது, கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துவிடலாம். ஆனாலும் பாரைத்தீவுக் குதிரைகள் பழைய கணக்கிலேயே மூன்று மந்திர நேரம் நிற்கின்றன. அதன்பிறகு ஒன்றாவது வாயைத் திறந்து உங்களிடம் ஏதோ சொல்லப் பார்க்கும். கறுவலின் வம்சமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்று முதல்தான், பாரைத்தீவுக்குக் குதிரை படமெடுக்கப் போகிறவர்கள் படப்பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் துலாவைப் பிடிக்கிறார்கள், யாரும் கேட்காமலே.